அடுக்களைக் கதவில் ஓர் ஆட்டம்

மதினி,

மழைக்கு ஊதிப்போன அடுக்களைக் கதவு சாத்திக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தது. இழைக்க வந்த ஆசாரி அதைக் கழற்றிக் கீழே போட்டுப் பார்த்துவிட்டு, "கதவுல யாருண்ணே நடந்தது? குழி குழியா இருக்கு" என்றார். "நடக்கலப்பா, ஆடுனாங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இழைப்புளியை எடுத்தார். என்னைப் பற்றி ஊரில் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருப்பார்கள். மரச்சீவல் வாசனையில் நீங்கள்தான் வந்து நின்றீர்கள்.

சின்னக்கானலில் நம் வீட்டு மாடியை ஹோம்ஸ்டே ஆக்கிய பிறகு வந்தவர்களில் அந்த அயர்லாந்து ஜோடியைத்தான் உங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மனைவி பிடில் வாசிப்பாள். அவள் வாசிக்க வாசிக்கக் கணவன் தடித்த ஷூக்காலால் பலகையைத் தட்டித் தட்டி ஆடுவான். இரண்டும் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பாட்டு நிறையும். பலகை இல்லாவிட்டால் வீட்டுக் கதவைக் கழற்றிப் போட்டு ஆடுவது அவர்கள் ஊரில் பழைய வழக்கமாம். இதைச் சொன்னதுதான் தாமதம், "எங்க கதவு இருக்கே" என்றேன். என் வாய் எப்போதும் என்னைவிட ஓரடி முன்னால்தான் போகும்.

என் வீட்டுக்காரி தலைவாசலை மறித்து நின்றாள். "மஞ்சக் குங்குமம் வச்ச கதவு மேல ஷூக்காலா? வேணும்னா அடுக்களக் கதவ எடுங்க. பூனை வந்தா நீங்களே காவல் இருங்க."

நீங்கள் வர மாட்டேன் என்றீர்கள். தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மிஷினின் இரைச்சலிலேயே நின்று நின்று உங்களுக்குக் காது போயிருந்தது. அண்ணன் போன பிறகு கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்கள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கக் கூச்சம் என்பீர்கள். உங்களிடம் ரகசியம் சொல்ல நான் கத்த வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் என்னோடு பேசாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"பாட்டு எனக்கெதுக்குக் கொழுந்தனாரே? வாயசைக்கிறதப் பாக்கவா?"

"இதுல வாயே கெடையாது மதினி" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இதுவும் வீணானால் இனி எதற்கும் நீங்கள் படியிறங்க மாட்டீர்கள் என்று உள்ளுக்குள் பயம்.

கதவு கெடக் கூடாது, விருந்தாளியின் காலும் நோகக் கூடாது என்று முற்றத்தில் இரண்டு கம்பளியை மடித்து விரித்து, அதன்மேல்தான் கதவைப் போட்டிருந்தேன். அவள் பிடிலில் வில்லை இழுத்தாள். அவன் உயிரைக் கொடுத்து ஆடினான். தலையணையை அடிப்பதுபோலக்கூடச் சத்தமில்லை. அக்கம்பக்கத்தார் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தீர்கள்.

"கால் சத்தம் வருதா?"

"வரல மதினி."

"உங்களுக்குமா?"

"யாருக்குமே வரல."

"அப்ப இன்னிக்கு ஊருக்கே என் காதுதான்" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பிடில் நின்றுவிட்டது. மற்றவர்கள் உங்களுக்குப் பிறகுதான் சிரித்தார்கள்.

எழுந்துபோய்க் கம்பளியை உருவினீர்கள். "கதவுக்கென்ன குளிர்காய்ச்சலா?" கதவு தரையில் படாதபடி அடியில் இரண்டு ரீப்பர் கட்டையைக் கொடுத்ததும் அவன் முதல் அடி வைத்தான். கொட்டகையில் கோழிகள் கலைந்தன. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவின் ஓரத்தில் ஒரு பாதத்தை வைத்தீர்கள். பிடில் துள்ளிய இடத்தில் அவன் கால் துள்ளியது. அது இழுத்த இடத்தில் இவன் உரசினான். பிடில் சொன்னதையெல்லாம் கால் கதவுக்குச் சொல்ல, கதவு உங்களுக்குச் சொன்னது. என் முழங்கையைக் கிள்ளினீர்கள்.

"கொழுந்தனாரே, கேக்குது."

அவனுக்கு மூச்சு வாங்கியபோதும் விடவில்லை. "ஒரு கட்டன் சாயா குடுத்துட்டு இன்னொண்ணு ஆடச் சொல்லுங்க."

அந்த வருஷத் திருவிழாவுக்கு எங்களுக்கு முன்னால் கிளம்பியது நீங்கள்தான். மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேடைப் பலகையில் உள்ளங்கையை அழுத்தியபடி கடைசிவரை நின்றீர்கள். அதன்பிறகு, அண்ணனிடம் போகிற வரைக்கும், ஒரு விசேஷத்தையும் விட்டதில்லை.

எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது, பக்கத்து வீட்டுச் சண்டை உட்பட. ஆனாலும் எங்கே பாட்டு நடந்தாலும் கை தானாகப் போய் மேடையைத் தொடுகிறது. போன வாரம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் பதறி ஓடிவந்தார். "என்னண்ணே, தலை சுத்துதா?" ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்துகொண்டேன். கையை மட்டும் எடுக்கவில்லை.