புண்ணாக்கும் எலும்புத் தூளும்

1946 செப்டெம்பர் 12
இவருடைய காக்கா, கூடப் பிறந்த மூத்தவர் சரிபுதீன், பெரியபட்டணத்திலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்திருக்கிறார். வந்த நாள் முதல் ஒரே பேச்சு. இந்தியாவில் சர்க்கார் வெள்ளாமைக்கு அள்ளிக் கொடுக்கிறதாம். வயலுக்கு எருவாகக் கடலைப் புண்ணாக்கு மலிவு விலைக்கு, கிணறு வெட்ட உதவி.

"இங்கெ என்ன தர்றாங்க? அங்கெ நம்ம வாப்பா நிலம் தரிசாக் கெடக்கு. வந்துருடா தம்பி" என்கிறார்.

என் வாப்பா காலத்தில் இரண்டு கரையிலும் சர்க்கார் வயலுக்கு வந்தது வரி வாங்கத்தான். யுத்தத்தில் அரிசிக் கப்பல் நின்ற பிறகே எங்கள் நினைவு வந்தது. ஒரே ராசாவின் ஆட்சிதானே, அங்கே மட்டும் எப்படி அள்ளிக் கொடுக்கும்?

இவர் மறுத்துச் சொல்லவில்லை. இங்கே முசலியில் என் சீதன வயலை விட்டுவிட்டு நான் போவேனா என்று இரண்டு பேரும் கேட்கவுமில்லை.

செப்டெம்பர் 13
கறியில் உறைப்பு கூடிவிட்டது. வேண்டுமென்றுதான்.

செப்டெம்பர் 29
காக்கா போய்விட்டார். "இந்தப் போகம் பாத்திட்டு, போறதோ இருக்கிறதோ எண்டு முடிவெடுப்பம்" என்றார் இவர். வயல் விளையாவிட்டால் இவருக்கு நல்லதாகப் போய்விடும். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 17
விவசாயப் போதனாசிரியர் செல்வநாயகம் விதைநெல்லோடு ஒரு சாக்கு எலும்புத் தூளும் சும்மா தந்துவிட்டுப் போனார். வயலுக்கு எருவாம்.

இவர் சாக்கை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. "என்ன எலும்பெண்டு ஆருக்குத் தெரியும்? ஹறாமான பண்டியாயும் இருக்கும். சண்டையில செத்த சனத்தின்ட எலும்பெண்டும் கதைக்கிறாங்கள்."

அங்கே புண்ணாக்கு, இங்கே எலும்பு. காக்கா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒக்டோபர் 19
சிரிப்பதா அழுவதா? வயல் மூலையில் குழி தோண்டி, தூளை வெள்ளைத் துணியில் கட்டிப் புதைத்து, செத்தவர்களுக்கு ஓதுகிற யாசீனும் ஓதிவிட்டு வந்திருக்கிறார்.

"மனிசராயிருந்தா மரியாதை செய்யோணுமே, றாபியா."

சர்க்கார் எருவுக்கு மையத்துச் சடங்கு நடத்திய ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி போய்விட்டது. இவரை விட்டுவிட்டு நான் மட்டும் இங்கே எப்படி இருப்பேன்?

டிசம்பர் 8
நல்ல மழை. அந்த மூலையில் மட்டும் நெல் கருகருவென்று நிற்கிறது. இவர் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

டிசம்பர் 15
செல்வநாயகம் வந்தார். இவர் புதைத்த கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

"இது மாட்டெலும்புதான். விசாரிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன். உங்களுக்கென்ன, சைவக்காரன் நான்தான் இதைத் தொட்டுட்டு நெடுகத் தலை முழுகிறன்."

பிறகு மூவரும் சிரித்தோம். பின்னேரம் இவர் மூலையைத் தோண்டி, மிஞ்சிய தூளை வயல் முழுக்கத் தூவினார். பிஸ்மி சொல்லித்தான்.

1947 ஜனவரி 20
அக்கரைக்கு வியாபாரத்துக்குப் போன அப்துல் ஹமீட் வந்து சொன்னார். புண்ணாக்கு வந்தது உண்மைதானாம். ஆனால் பெரிய பண்ணைக்காரர்கள் வாங்கிப் போய் மாட்டுக்குப் போட்டுவிட்டார்களாம். காக்காவுக்கு ஒரு கட்டியும் கிடைக்கவில்லை. பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அங்கே வயலுக்கு வந்தது மாட்டுக்குப் போயிருக்கிறது, இங்கே மாடே வயலுக்கு வந்திருக்கிறது. இவரிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

போவதைப் பற்றி இவரும் பேசவில்லை. கேட்க எனக்கும் பயம்.

மார்ச் 2
அறுத்த நெல்லைச் சூடு மிதித்து முடிந்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு இப்படி விளைந்ததில்லை. காலையில் மன்னார் சர்க்கார் கச்சேரியிலிருந்து ஒருவர் வந்து, அடுத்த போகத்துக்கு எரு வேண்டியவர்களின் பெயர் பதிந்தார். நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பேர்?"

"நுஃமான். ரெண்டு சாக்குப் போடுங்கோ."

"சொந்த ஊர்?"

இவர் யோசிக்கவே இல்லை. "இதுதான்."

வந்தவருடைய தேத்தண்ணிக்குள் பங்கீட்டுச் சீனியை எத்தனை கரண்டி போட்டேனோ தெரியாது. பாவம், முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார்.