படகிலிருந்து வந்த டிக்

அன்புக் கண்ணுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவின் இடது கணுக்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே பிடுங்கி முடித்துவிடுகிறாய், அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தில் குறுக்கே வர முடியாது, கடைசிவரை படித்துவிட்டுத்தான் திட்ட முடியும். திட்டுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இன்று காலை அப்பாவிடம் படகுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஏரிக்குப் போயிருக்கிறார். நான் மொட்டை மாடியில் துணிக்கொடிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதுகிறேன் என்று பேர்தானே தவிர, நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்து போய் அந்த ரேடியோப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன், அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் என் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே.

உனக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஆயுசெல்லாம் துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த மனுஷன், கீழே நிற்கிறவர் வாக்கிடாக்கியில் இடது, வலது, இறக்கு என்று சொல்ல இவர் 'ம்' என்பார், அவ்வளவுதான் பேச்சு, வீட்டுக்கு வந்தாலும் அதே 'ம்'தான். நானோ பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவள், நாளைக்கு உங்களுக்கு வேர் சிகிச்சை இருக்கிறது, மறந்துவிடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்தியே பழகியவள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஓய்வு பெற்றதும் அவர் அந்தப் பழைய படகை வாங்கியபோதே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏரியில் குன்றைத் தாண்டினால் போனில் சிக்னல் ஒரு பொட்டுக்கூட இல்லை. இருதய ஆபரேஷன் முடிந்து மறுபடி அவர் படகை எடுத்த முதல் நாள் நான் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்த நடைக்கு நேராக நடந்திருந்தால் உன் ஊருக்கே வந்து சேர்ந்திருப்பேன். போகாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா, மீனாவது பிடித்துக்கொண்டு வருவாரா என்றால் அதுவும் கிடையாது, வெறுங்கையோடு வந்து ஏரி இன்றைக்கு நல்லா இருந்துச்சு என்பார்.

மேல் வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கை நினைவிருக்கிறதா, எந்நேரமும் சுவரில் தொற்றிக்கொண்டு ஒயர் இழுத்துக்கொண்டிருப்பாரே, பல்லி என்று நீதானே பெயர் வைத்தாய், அவர்தான் என் நடையைப் பார்த்துவிட்டு இந்த ரேடியோ விஷயத்தைச் சொன்னார். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், உள்ளங்கை அகலத்தில் ஒரு ரேடியோப் பெட்டி என்னிடம், ஒன்று அப்பாவிடம். போனில் ஒரு ஆப்பைப் போட்டு புளூடூத்தில் பெட்டியோடு சேர்த்துவிட்டால் நாம் அடிக்கும் செய்தியைப் பெட்டி காற்றில் விடும், நடுவில் இதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் அவருடைய பெட்டி அதை வாங்கி அடுத்ததுக்குத் தள்ளிவிடும். மெஷ் என்கிறார்கள். பேச முடியாது, எழுத்து மட்டும்தான், அதுவும் நாலைந்து வரிக்குள் முடித்தாக வேண்டும். உங்கம்மாவுக்கு நாலு வரி எந்த மூலைக்கு என்று அப்பா சிரித்தார், அவர் சிரித்ததே எனக்குப் பாதி சம்மதம் மாதிரி இருந்தது, வாங்கிவிட்டேன்.

ஆரம்பத்தில் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆன்டெனாவைத் திருகாமல் கரண்ட் கொடுத்தால் உள்ளே கருகிவிடும் என்று பல்லி முதல் பாடமே அதைத்தான் சொன்னார், சொல்லி வாயை மூடுவதற்குள் உன் அப்பா ஒயரைச் சொருகப் போனார், நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அப்புறம் ஒரு நாள் முழுக்க இரண்டு பெட்டியும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்று சொல்வது ஒன்றுக்குக் கேட்கவில்லை. இந்த வீட்டில் இது ஒன்றும் புதுசில்லையே என்று விட்டுவிட்டேன், பார்த்தால் ஒரு பெட்டியில் நம் நாட்டு அலைவரிசையும் இன்னொன்றில் வேறு நாட்டு அலைவரிசையும் வைத்திருக்கிறோம். அதைச் சரி செய்தால் சமையலறை ஜன்னலில் வைத்தது தெருமுனையைத் தாண்டவில்லை. உசரம்தான் முக்கியம் என்றார் பல்லி. உன் பழைய டிபன் பாக்ஸில் ஓட்டை போட்டு, பெட்டியை உள்ளே வைத்து, ஒட்டடைக் கம்பில் கட்டி மாடியில் தண்ணித் தொட்டிக்கு மேலே நிறுத்தினோம். அன்றைக்குக் குன்றுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் முதல் செய்தி வந்தது. 'ம்' என்று. நான் அதைப் படித்துவிட்டு அழுதேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

குன்றைத் தாண்டி எப்படி வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை பார். நடுவில் யாரோ வாங்கித் தள்ளிவிட்டால்தானே வரும். மாத்திரை போட்டாச்சா, தொப்பியைக் கழற்றாதீர்கள், மலச்சிக்கலுக்குத் தண்ணீர் குடியுங்கள், இன்றைக்கும் வெறுங்கையோடு வந்தால் படகிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று நான் அடித்ததெல்லாம் எல்லாருக்கும் பொதுவான சேனலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஏரிக்கு அக்கரையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருத்தர் பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மா, ஐயா மாத்திரை போட்டாரா இல்லையான்னு நாங்களும்தான் காத்திருக்கோம், சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க என்று எழுதினார். எனக்கு மானமே போய்விட்டது. அப்பா இரண்டு நாள் ஏரிப் பக்கம் போகவில்லை. பிறகு பல்லி வந்து எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு தனிச் சேனலைப் பூட்டுப் போட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் பெட்டி செய்தியைச் சுமந்துபோகும், திறந்து படிக்க முடியாது. அதன்பிறகு தினமும் கோழிப்பண்ணைக்காரருக்குப் பொதுச் சேனலில் ஒரு வணக்கம் சொல்கிறேன், என் குடும்பத்தையே சுமக்கிறவர் ஆயிற்றே.

இனிமேல்தான் உனக்குச் சரியாகத் தெரியாதது. செய்தி போய்ச் சேர்ந்தால் அங்கே பெட்டி கூவும், இங்கே என் போனில் ஒரு டிக் குறி விழும். உன் அப்பா எதற்கும் பதில் போடுகிறவர் இல்லை, அதனால் எனக்கு அந்த டிக்கே போதும் என்று ஆகிவிட்டது. டிக் விழுந்தால் அவர் நன்றாக இருக்கிறார், அவ்வளவுதான் என் கணக்கு. அன்றைக்குப் பால் திரிந்துவிட்டது என்று எழுதினேன், டிக். குழாய்க்காரர் வந்தார், சமையலறைக் குழாயைச் சரி செய்துவிட்டுக் குளியலறைக் குழாயைக் கெடுத்துவிட்டுப் போனார் என்று எழுதினேன், டிக். உனக்குச் சம்பளம் ஏறியிருக்கிறது என்று எழுதினேன், டிக். மனசு நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மீன் உண்டா இல்லையா, மசாலா அரைக்கவா என்று கேட்டதற்கும் டிக் விழுந்தது, பதில் இல்லை. சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் போடாமல் இருந்ததே கிடையாது. மறுபடி கேட்டேன், மறுபடி டிக். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த பல்லியை நிறுத்தி, டிக் விழுகிறது, பதில் வரவில்லை, பெட்டியில் கோளாறா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

"டிக் வந்தா அவர் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னுதாம்மா அர்த்தம். அவர் பாத்தாரான்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

காலையிலிருந்து நான் ஒரு பெட்டியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பொதுச் சேனலில் எழுதப் போனால் அவசரத்தில் எழுத்தே சரியாக விழவில்லை, கோழிப்பண்ணைக்காரர் அதைப் புரிந்துகொண்டு, இதோ கிளம்பிட்டேன் என்று மட்டும் எழுதிவிட்டுத் தன் படகை எடுத்தார். அவர் போய்ப் பார்த்தபோது அப்பாவின் படகு ஏரி நடுவில் ஒரு பாறைத் திட்டில் கட்டிக் கிடந்தது, பெட்டியும் போனும் படகுக்குள் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தன. உன் அப்பா இருபதடி தள்ளி, தூண்டில் மாட்டிக்கொண்டதை எடுக்கப் போய்ப் பாறை இடுக்கில் கால் சிக்கி, கணுக்கால் முறிந்து, வெயிலில் கிடந்தார். நல்லவேளை இருதயத்துக்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடித்த பிறகு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் அங்கே கிடந்தபோது நான் குழாய்க்காரரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்போது அவர் சொன்னதை உன்னிடம் போனில் சொல்ல என்னால் முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

"படகுல பெட்டி கூவிக்கிட்டே இருந்துச்சு. என்ன எழுதியிருக்கன்னு தெரியல, ஆனா நீ பேசிக்கிட்டே இருக்கன்னு தெரிஞ்சுது. அதான் பயமா இல்ல."

மறுநாள் நீ போனில் அழுதாய். சாவியை வாங்கி ஒளித்து வை, அப்பா இனிமேல் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது, கொஞ்ச நாளில் உங்கள் இரண்டு பேரையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். நீ சொன்னதில் தப்பே இல்லை, நானும் சாவியை எடுத்து என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். கட்டுப் பிரித்தார்கள், கைத்தடி வைத்து நடந்தார், பிறகு தடியில்லாமல் நடந்தார். சாவி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். காலையில் எழுந்து தன் பெட்டிக்குச் சார்ஜ் போடுவார், நிறைந்ததும் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைப்பார், பிறகு கூடத்து நாற்காலியில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் அவர் வெளியே போனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளாது, இந்தத் தடவை அவர் வீட்டுக்குள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் இருப்புக் கொள்ளவில்லை. கையைக் காலைக் கட்டி வைத்துக்கொண்டு ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று உனக்குச் செய்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை கண்ணு. இன்று காலை அவர் காபி குடித்து முடித்ததும் சாவியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"கூட்டுக்குள்ள இருக்குன்னு தெரியும், என் கண்ணாடியைத் தேடறப்போ பாத்தேன். நீயா தரணும்னு இருந்தேன்."

சும்மா கொடுத்துவிடவில்லை. படகை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் பெட்டியும் போனும் கழுத்தில் தொங்க வேண்டும், அதற்கு நானே உறை தைத்துக் கொடுத்திருக்கிறேன். பாறைத் திட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, கரையை ஒட்டித்தான் போக வேண்டும். டிக் செல்லாது, 'ம்' செல்லாது, தன் கையால் வார்த்தை எழுத வேண்டும், எழுதாவிட்டால் கோழிப்பண்ணைக்காரரை அனுப்பிவிடுவேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், உன் அப்பா தலையாட்டுவதை எவ்வளவு நம்பலாம் என்று உனக்கே தெரியும். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, இதை எழுதும்போதுகூடக் காது பெட்டியில்தான் இருக்கிறது. அவரைத் திட்டாதே, கோபமிருந்தால் என்னைத் திட்டு. உங்கள் ஊருக்கு வருவதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், அங்கே பக்கத்தில் ஏரி இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வை.

வேறு என்ன, என் முழங்கால் பரவாயில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, மாப்பிள்ளையை ஹீட்டர் பக்கத்தில் துணி காயப்போட வேண்டாம் என்று சொல். என் செய்திக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாயே, அதுவும் இனிமேல் இந்த வீட்டில் செல்லாது, ஒரு வரியாவது உன் கையால் எழுது. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, மனநிறைவோடு நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

பெட்டி கூவுகிறது, இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

அவர்தான். எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன். 'குன்றுகிட்ட வந்துட்டேன். நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டி தெரியுது. நீ தெரியல. கொஞ்சம் முன்னாடி வந்து நில்லு.' கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. நான் போய் நிற்கிறேன் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா