லாங் பேஷன்ஸ் மதகும் புதன்கிழமை பத்து மணியும்

லாங் பேஷன்ஸ் கிராமம்,
பெர்பீஸ் மேற்குக் கரை, கயானா.
ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷோனெட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மாமா காம்டனும் மிச்சமிருக்கிற ஏழு கோழிகளும் இங்கே சௌக்கியம். புரூக்ளினில் நீயும் நீ ஓட்டும் பஸ்ஸும் சௌக்கியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் தெரிவி. நீ நான்கு முறை போன் செய்ததும் நான்கு முறையும் அம்மா தூங்குகிறாள் என்று மாமா சொன்னதும் எனக்குத் தெரியும். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன், அவனைத் திட்டாதே. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால் பள்ளிக்கூட நோட்டில் தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை பத்து மணிக்கு விசா நேர்காணலுக்கு அமெரிக்கத் தூதரகத்துக்கு நான் போகவில்லை. நீ அங்கே பிரஜையாவதற்குப் பட்ட பாடும், அதற்குப் பிறகு எனக்காக மனுப் போட்டுக் காத்திருந்ததும் சேர்த்து ஒன்பது வருடம். அது எனக்கு மறந்துபோகவில்லை. ஏன் போகவில்லை என்று எழுதத்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

மே மாதக் கடைசியில் பிடித்த மழை இந்த வருடம் விடவே இல்லை. அதோடு போன கிறிஸ்துமஸ் சமயத்தில் சேற்றுத் திட்டு நம் கரைக்கு வந்துவிட்டது. திட்டு முன்னால் கிடந்தால் அலை கடலோரச் சுவரை அடிக்காது, அது நல்லது, ஆனால் மதகுக்கு வெளியே இருக்கிற வாய்க்காலை அடைத்துவிடும், அது உனக்கே தெரியும். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் மூங்கில் கழியோடு வந்து ஒரு வாரம் சேற்றை அளந்தாள். இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். கடலிலிருந்து என்றேன். சிரித்தாள். பெரு நாட்டு மலைகளில் மழையில் கரைகிற மண் அமேசானில் இறங்கி, அந்த ஆறு கடலில் கொட்ட, அங்கிருந்து கரையை ஒட்டியே வருடத்துக்கு ஒரு மைல் இரண்டு மைல் என்று நடந்து வருகிறதாம். இரண்டு நாடுகளைத் தாண்டி, நம் வாசலுக்கு வந்து, நின்று, பிறகு மேற்கே போகுமாம். நான் அன்று முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை மகளே. அறுபத்தொரு வயது வரைக்கும் கணுக்காலில் ஒட்டியதும் கழுவித் தள்ளிய சேறு அது. மலை நடந்து வந்து நம் வீட்டு வாசலில் நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காம்டனிடம் சொன்னேன், "மலையா இருந்தா என்ன, மதகை அடைச்சா சேறுதான்" என்றான். அவன் புத்தி அவ்வளவுதான்.

தண்ணீர் இறைக்கிற பம்பு வரும் வரும் என்று சொல்லி இரண்டு வருடமாகிறது, சிமெண்ட் மேடை மட்டும் வந்திருக்கிறது, அதில் நெல் போடுகிற நம் லேக்ராமின் ஆடுகள் வெயில் காய்கின்றன. சர்க்கரை ஆலை மூடியதிலிருந்து எல்லோர் வாயிலும் கடலில் கிடைத்த எண்ணெய்ப் பேச்சுதான். நாள் தவறாமல் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே கடலுக்குப் போகிறது. உலகத்திலேயே வேகமாக வளர்கிற நாடு நாம்தான் என்று ரேடியோவில் சொல்கிறார்கள், முட்டை விலையும் கூடவே வளர்கிறது. நாட்டில் பாதிக்கு மேல் தனக்குத்தான் சொந்தம் என்று மேற்கே இருக்கிற பக்கத்து நாட்டுக்காரன் ஒரு பக்கம் கத்துகிறான். கத்தட்டும், அது முழுக்கக் காடும் ஆறும். நாம் எல்லோரும் சேர்ந்து குடியிருப்பது கடலோரத்து இந்தக் கீற்றில், அதுவும் கடல் ஏறும்போது கடலைவிடத் தாழ்வாக இருக்கிற கீற்றில். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். மழை பிடித்த முதல் வாரம் முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். ஒவ்வொரு முறை கடல் வற்றும்போதும் ஜனங்கள் வந்து மதகுக் கதவைத் தூக்கச் சொன்னார்கள், நானும் முகதாட்சண்யத்துக்குத் தூக்கினேன். வெளியே சேறு ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் மேலாக வழிந்ததே தவிர சேற்றை அறுத்து வாய்க்காலைத் திறக்கவில்லை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து திறந்து, அறுக்க வேண்டிய பலத்தையெல்லாம் நானே வீணாக்கினேன். உன் அப்பா இருந்திருந்தால் அந்த வாரம் முழுக்க என்னோடு பேசியிருக்க மாட்டார். அவர் போய் மதகுச் சாவி என் கைக்கு வந்து பதினாலு வருடமாகிறது, இந்த மாதிரி ஒரு முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை. திங்கட்கிழமை வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சேற்றை அள்ளுகிற இயந்திரம் எங்கேயோ வேறு ஊரில் வேலையாக இருந்தது. அமாவாசை புதன்கிழமை. அன்று காலை பத்து நாற்பதுக்குக் கடல் இந்த மாதத்திலேயே மிகக் கீழே இறங்கும். அதுவரைக்கும் கதவைத் தொடக்கூடாது, உள்ளே தண்ணீரை ஏற விட்டு, அந்த ஒரு நேரத்தில் முழுக் கதவையும் தூக்கினால்தான் சேறு அறுபடும் என்று முடிவு செய்தேன். மூழ்குகிற ஊரை இன்னும் மூழ்க விடுவது என்பதுதான் அந்த முடிவு. பலிக்காவிட்டால் லேக்ராமின் நாற்று அழுகும், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும், அதற்கப்புறம் நான் தேவாலயத்தில் யார் பக்கத்திலும் உட்கார முடியாது. புதன்கிழமை பத்து மணி உன் மணி என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை கடல் வற்றியது, நான் கதவைத் திறக்கவில்லை. மதகு மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் கூடிவிட்டது. லேக்ராம் இடுப்பில் கத்தியோடு வந்தான், வரப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த கத்திதான், ஆனால் அதை வைத்துவிட்டு வர அவனுக்குத் தோன்றவில்லை. "வேவ்னி அக்கா, கடல் காலி, ஊரு ரொம்பி நிக்குது. கண்ணு தெரியுதா உனக்கு" என்றான். தெரிகிறது, நாளைக்குத் திறக்கிறேன் என்றேன். "நாளைக்கு நீ அமெரிக்காக்காரி ஆகப் போற. உனக்கென்ன, நாத்தா அழுகப் போகுது" என்றான். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானும் சும்மா இருக்கவில்லை, உன் ஆடுகளைப் பம்பு மேடையிலிருந்து இறக்கு, பம்பு வருகிற நேரமாச்சு என்றேன். கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள், அவனுக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான். "உங்க ஆளுங்க மண்ணைச் சுமந்தாங்க, எங்க ஆளுங்க கரும்பைச் சுமந்தாங்க. இப்ப ரெண்டு பேரும் சேந்து உன் பிடிவாதத்தைச் சுமக்கறோம்" என்று, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்த நம் முன்னோரையும் இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்த தன் முன்னோரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அவன் மனைவி சுமின்ட்ரா மட்டும் மத்தியானம் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, தேங்காய்ப் பாலில் மரவள்ளியும் வாழைக்காயும் கருவாடும் வேகவைத்து ஒரு தூக்கில் கொடுத்தாள். "அவர்கிட்ட சொல்லாத அக்கா, நீ தப்பா இருந்தா நானும் உன்னைத் திட்டுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வேறு வேலை என்ன, பார்ப்பதுதான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல், வாய்க்கால், வரப்பு, மறுபடி வாய்க்கால், காட்டு ஓரத்துப் பின்கரை வரைக்கும் கயிறு பிடித்த மாதிரி நேர்க்கோடு. தினமும் பார்க்கிறதுதான். நூறு மில்லியன் டன் சேறு, இந்தக் கரை முழுக்க, மண்வெட்டியாலும் கையாலும், இடுப்பளவு தண்ணீரில் நின்று, சாட்டையடியில் அந்த அடிமைகள் அள்ளிப் போட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன். டச்சுக்காரன் வரைந்தான், இங்கிலீஷ்காரன் பெயர் வைத்தான், அள்ளியவன் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் விடுதலையான பிறகு இந்த மண்ணையே விட்டு ஓடியிருக்கலாம், யார் குறை சொல்லியிருப்பார்கள். ஓடாமல் ஒன்றுகூடி, தங்கள் கையால் உண்டாக்கிய இதையே காசு கொடுத்து வாங்கினார்கள். கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிற ஒவ்வொரு நாளும் அதற்குப் பிறகு யாரோ ஒருவர் இந்தக் கதவைத் தூக்கி இறக்கியிருக்கிறார். ஒரு நாள் தவறியிருந்தாலும் இந்த ஊர் இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, நெஞ்சு நிறையவும் இருந்தது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் காம்டன் என்னைத் தலைநகரத்துக்குக் கூட்டிப்போக மினிபஸ்ஸைக் கொண்டு வந்து மேட்டில் நிறுத்தினான். நான் நீ அனுப்பிய நீல கவுனைப் போட்டுக்கொண்டு, காகிதங்களை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, மதகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். உள்ளே தண்ணீர் கதவின் மேல் சட்டத்துக்கு நாலு விரல் கீழே நின்றது. காம்டன் பின்னாலேயே வந்தான். நீ நினைக்கிற மாதிரி அவன் என்னைத் தடுக்கவில்லை. "நான் இந்தக் கதவுல நாலு வருஷம் வேலை பாத்தவன். ஓடுற வேற பஸ்ல ஏறிப் போ, பத்து நாப்பதுக்கு நான் தூக்கறேன்" என்றான். நன்றாகக் கேட்டுக்கொள் ஷோனெட், அவனால் முடியும். என்னைவிட அவனுக்குக் கையில் பலம் அதிகம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் போய் பஸ்ஸின் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தான்.

பத்து மணிக்குக் கடல் சுவரை விட்டு விலகி வெகுதூரம் போய்விட்டது, சேறு மட்டும் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஊரே கரையில் நின்றது. திற என்று இப்போது யாரும் சொல்லவில்லை, சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்கள். பத்து நாற்பதுக்குச் சங்கிலி உருளையில் நானும் காம்டனும் கை வைத்தோம். தண்ணீர் கனம் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டது, அசையவில்லை. லேக்ராம் கத்தியைத் தூரப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்தான். கதவு ஒரு முழம் ஏறியது. பிறகு பாதி. பிறகு முழுக்க. முதலில் தண்ணீர் சேற்றின் மேல் ஏறி நின்று யோசிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அடியில் எங்கேயோ ஒரு சத்தம். மாட்டளவு மாட்டளவு சேற்றுப் பாளம் இரண்டு பக்கமும் உடைந்து விழ ஆரம்பித்தது, வாய்க்கால் கண் முன்னாலேயே இறங்கியது, அகன்றது, மேடை அதிர்ந்தது, எதிரே நிற்கிறவன் பேசுவது காதில் விழவில்லை. யாரும் கைதட்டவில்லை. தேவாலயத்தில் நிற்கிற மாதிரி நின்றார்கள். லேக்ராம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மலையிலிருந்து வந்த அந்த மண் கடலுக்குத் திரும்பி ஓடுவதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை. கடல் திரும்பி ஏறுவதற்குள் முற்றங்களில் தரை தெரிந்தது. அப்போதுதான் மணியைப் பார்த்தேன், தலைநகரத்தில் என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று நினைவு வந்தது. நாற்றில் பாதி பிழைத்தது, நம் கோழியில் பதினொன்று போய்விட்டது. கவுன் சேற்றில் போனது போனதுதான், அதற்காக மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை காம்டன் தூதரகத்துக்குப் போன் செய்தான். வராததற்குக் காரணம் எழுதி அனுப்பினால் வேறு தேதி கொடுப்பார்களாம். அதற்கு ஒரு படிவம், அதில் காரணம் எழுத ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். "வெள்ளம்னு எழுது, பொய்யில்லையே" என்றான் காம்டன். பொய் இல்லைதான். அதை எழுதினால் தேதி கிடைக்கும், நீயும் சந்தோஷப்படுவாய், அன்றைக்கு நான் இன்னொரு காரணம் தேட வேண்டிவரும். இரண்டு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவைத் தூக்க அவன் இருந்தான், போக பஸ் இருந்தது, நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இங்கிருந்து வர மனமில்லை என்று அந்த ஒரு வரியில் எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். உன் ஒன்பது வருடத்தை ஒரு வரியில் முடித்துவிட்டேன் மகளே. உன்மேல் ஆசை குறைந்து அல்ல, ஒவ்வொரு நாளும் உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. கோபம் வரும், வரட்டும். கோபத்தோடேயே போன் செய், இந்த முறை நான் தூங்கமாட்டேன், முதல் மணியிலேயே எடுப்பேன்.

நீ ஓட்டும் வண்டியையும் அதில் ஏறி இறங்குகிறவர்களையும் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும். காலையில் வெறும் காப்பியோடு வேலைக்குப் போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு, முதுகுவலிக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

உன்னைப் பெற்றவள்,
வேவ்னி செம்பிள்