ஸ்டேர்லிங் கோட்டையில் வாங்கிய மாப்பு

மச்சி,

அலுமாரியைத் திறந்தால், அங்கே குளிருக்கு நீ எனக்குப் போடத் தந்த உன் ஜக்கற்றின் மணம் இன்னும் வருகிறது. கல்முனை வெயிலுக்கு அதை யார் போடுவது? பூஞ்சணம் பிடித்துவிடும் என்று இன்று வெளியே எடுத்து உதறினேன். உதறும்போதே உன்மேல் கோபம் வந்துவிட்டது.

என் மகளின் பட்டமளிப்புக்காக, நீ குடியிருந்த கிளாஸ்கோவுக்கு வந்திருந்த என்னை, ஊருக்குத் திரும்ப வேண்டிய அன்றே, விமானம் இரவுதானே என்று ஸ்டேர்லிங் கோட்டை பார்க்க இழுத்துக்கொண்டு போனாய். கட்டம் போட்ட பாவாடை உடுத்து நின்ற வழிகாட்டியைக் கண்டதும் என் காதுக்குள், "இஞ்ச பாருகா, நம்மட மருதமுனைச் சாரன உடுத்திட்டு நிக்காரு" என்றாய். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மனிதர் ஒரு பொல்லாத கதை சொன்னார். அவருடைய வேக ஆங்கிலம் எனக்குப் பிடிபடாததால் நீதான் தமிழில் சொன்னாய். பயப்படாமல் வா என்று வாக்குக் கொடுத்து அழைத்தவனை, சாப்பாடு முடிந்த கையோடு அரசன் குத்திக் கொன்று சன்னலால் எறிந்துவிட்டானாம். "சோறு போட்டுட்டா குத்துற?" என்று முகத்தைச் சுளித்தாய். பெரிய நியாயக்காரி!

மதிலுக்குப் படியேற வேண்டியிருந்தது. "நீ ஏறிப் பாத்துட்டு வாகா, எனக்கு முழங்கால் நோகுது" என்றாய். நான் மேலே நின்று கை காட்டினேன். கீழே பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீயும் காட்டினாய்.

அது முழங்கால் நோவு இல்லை, முற்றிப்போன புற்றுநோய் என்று உன் கணவருக்குத் தெரியும். சாய்ந்தமருதில் இருக்கும் உன் உம்மாவுக்குத் தெரியும். என் கணவருக்குக்கூடச் சொல்லி, வாயையும் கட்டி வைத்திருந்தாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை. முதலாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் நான்.

நம்மூரில் பயணம் போகிறவர்தான் மாப்புக் கேட்பது வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவோம். விமானத்துக்குப் புறப்பட, கோட்டை வாசலில் பிரியும்போது நான் கேட்டேன், நீ தந்தாய். பிறகு என் கையை விடாமல், "நீயும் என்ன மாப்புச் செஞ்சிரு" என்றாய்.

"போறது நான். நீ எதுக்குகா கேக்காய்?"

"சும்மா சொல்லன்."

"சரி, எல்லாத்தையும் மாப்புச் செஞ்சன். போதுமா?"

"ஓம், போதும்."

அடுத்த நோன்புப் பெருநாளைக்கு நீ இல்லை. ஜனாஸாவை அங்கேயே அடக்கிவிட்டார்கள். என்னிடம் ஒளித்ததற்கும் சேர்த்தே அன்று மாப்பு வாங்கியிருக்கிறாய் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னை ஏமாற்றிவிட்டாய், மச்சி. சொல்லியிருந்தால் அந்தப் படியில் நான் ஏன் ஏறுகிறேன்? உன் பக்கத்திலேயே இருந்திருப்பேன். நான் அழுது அந்த நாளைக் கெடுத்துவிடுவேன் என்று பயந்தாயாம், உன் உம்மா சொல்கிறார். அழுதால்தான் என்ன?

மனத்தாங்கலோடு நான் இருந்தால் கபுறுக் குழியில் உனக்குக் கஷ்டம் என்கிறார்கள். அந்தப் பயத்தில் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் "மாப்புச் செஞ்சன்" என்று சொல்கிறேன். இன்று அசருக்குப் பிறகும் சொன்னேன். வாய்தான் சொல்கிறது, மச்சி. மனசு இன்னும் தரவில்லை.