கோயில் கூரையும் கரண்டுக் கம்பமும்

சுங்கை சிப்புட்,
26 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்ஸி எழுதுகிறேன். போனில் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறீர்கள். தபால்காரரை அப்படி அடைக்க முடியாதே, அதனால்தான் காகிதமும் பேனாவும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூடிரைவர் பிடித்தே பழகிய கை.

இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? மகள் கிறிஸ்டினுக்கு மாதம் ஆறு என்று அண்ணி சொன்னார். அண்ணி என்னோடு பேசுவதைத் தடுக்காமல் விட்டதற்கு நன்றி. தடுத்தாலும் அவர் நிறுத்தப்போவதில்லை, அது வேறு.

ஒரு நல்ல செய்தி. சிலிம் ரிவரில் நம் தோட்டத்து அந்தோணியார் கோயிலுக்குச் சோலார் போட்டுவிட்டேன். மண்டபக் கூரையில் முப்பத்திரண்டு பலகை. நானும் என் கூட வேலை செய்யும் புனிதாவும் இன்னும் இரண்டு ஆட்களும் நான்கே நாளில் முடித்தோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, நாம் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். நீங்களும் நானும் ஞானஸ்நானம் வாங்கிய கோயில் மட்டும் நிற்கிறது. அதன் தலையில் என் வேலை ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கே புல்லரிக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். வார நாளில் கோயில் சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது? அப்போது வருகிற கரண்டெல்லாம் புது மீட்டர் வழியாக லைனுக்குள் போகிறது. லைனில் அடுத்து இருப்பது தமிழ்ப்பள்ளி. அங்கே பிள்ளைகள் தலைக்கு மேல் சுற்றும் விசிறிக்கு நம் அந்தோணியார் வெயில் பிடித்துத் தருகிறார்! பள்ளியின் பெரிய ஆசிரியையிடம் சொன்னேன், அவர் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

கரண்டுக் கம்பம் ஏறிப் பிழைக்கிற உங்களுக்கு இது பிடிக்காது, தெரியும். என் வீட்டுக் கூரையில் முதல் சோலார் போட்ட அன்று ஏணி பிடிக்க வந்தீர்கள். எதற்கு ஏறுகிறேன் என்று தெரிந்ததும் ஏணியைச் சாய்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டீர்கள். அரை மணி நேரம் கூரையிலேயே காய்ந்தேன். அப்புறம் கிறிஸ்டின் கல்யாணத்தில், சாப்பாட்டு மேசையில், அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள்: "ஒரு நாளைக்கு இவ போட்ட பலகையால எவனாச்சும் கம்பத்துல கருகப்போறான்." அன்று எழுந்து போனவள்தான். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஜூன் பதினைந்து, ஞாயிறு, திருவிழா. அன்றே பலகைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கிறார்கள். வாங்கண்ணே. வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் தங்கை,
எல்ஸி

---

தாப்பா,
2 ஜூன் 2025

எல்ஸிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணிக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. கிறிஸ்டின் நலம்.

ஏணி விஷயம். அரை மணி இல்லை, பத்து நிமிடம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பதினைந்தாம் தேதி எனக்கு வேலை இருக்கிறது. வர முடியாது.

என் இடது கையில் இருபத்தேழு வருடமாக மூன்று விரல்தான். அன்றும் லைனை அணைத்துவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொட்டேன். கீழே ரொட்டிக் கடைக்காரர், கரண்டு இல்லையே என்று டீசல் ஜென்செட்டை ஓட்டினார். அவர் கடைக் கரண்டு வந்த வழியே திரும்பிக் கம்பியில் ஏறி என் கைக்கு வந்தது. அன்று அந்த ஊரில் ஒரே ஒரு ஜென்செட். இன்று நீ வீட்டுக்கு வீடு ஒன்றை ஏற்றி வைக்கிறாய். கடைக்காரரிடமாவது கத்தி அணைக்கச் சொல்லலாம். சூரியனிடம் யார் சொல்வது?

நீ கெட்டிக்காரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கம்பத்தில் இருப்பவன் உன் கெட்டிக்காரத்தனத்தை நம்பி ஏற முடியாது.

ஆம்புரோஸ்

---

சுங்கை சிப்புட்,
17 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் என் மானம் போய்விட்டது.

பூசை முடிந்தது, ஃபாதர் பலகைகளை மந்திரித்தார். அப்புறம் ஆலயக் குழுத் தலைவர் கோலின் அண்ணன் மைக்கைப் பிடித்தார். அவர் கையில் மைக் போனால் திரும்பி வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். "இனிமே நம்ம கோயில்ல கரண்டு போச்சுங்கற பேச்சே இல்ல லா! ஊரே இருண்டாலும் அந்தோணியார் வெளிச்சமா இருப்பாரு! எல்லாம் நம்ம எல்ஸி வேல!" என்றார். கோயிலே கை தட்டியது. என்னை எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன்.

அவர் சொன்னது தப்பு, அண்ணே. லைனில் கரண்டு போனால் இதுவும் நின்றுவிடும் என்று எழுதியே கொடுத்திருந்தேன், ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில். வாயாலும் சொன்னேன். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அங்கேயே மைக்கை வாங்கித் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் முந்நூறு பேர் எனக்காகக் கை தட்டுகிறார்கள். இதற்கு முன் எனக்கு யார் தட்டினார்கள்? பல்லைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த ஒரு நிமிட ஆசைதான் என் தப்பு.

பதினொன்று பத்துக்குக் கரண்டு போனது. முந்தின நாள் காற்றில் முறிந்து தொங்கிய டுரியான் மரக்கிளை கம்பி மேல் விழுந்ததாம். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே விசிறி நின்றது, மைக் செத்தது, ரோஸ் சிரப் தண்ணியில் ஐஸ் கரைந்தது. முந்நூறு பேரும் கூரையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். "பொம்பள வேல, வேற எப்படி இருக்கும்?" என்று பின்னால் யாரோ சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

விளக்கிப் பார்த்தேன். வெயில் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி, லைனின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் இரண்டு நொடிக்குள் தன்னையும் நிறுத்திக்கொள்ளும். பழுது பார்க்க ஏறுகிறவர் பிழைக்க வேண்டுமே, அதற்காகத்தான் அப்படி. யார் கேட்கிறார்கள்? வெகுநேரம் கழித்து வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தேன். மேலே ஒரு ஹெல்மெட் தெரிந்தது. அந்த மனிதருக்காகவாவது என் பெட்டி சும்மா இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது கோலின் அண்ணன் வேறொரு ஆளைப் பிடித்து வந்திருக்கிறார். "பாஸ்வேர்டு மட்டும் குடுங்க, அந்தப் பாதுகாப்பத் தூக்கிட்டு, கரண்டு இல்லாட்டியும் ஓட வைக்கிறேன்" என்கிறானாம் அந்த ஆள். அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. இருபத்தொன்பதாம் தேதி பூசைக்குப் பிறகு கூட்டம். கொடுக்காவிட்டால் பலகைகளை இறக்கிவிட்டு, எல்ஸி வேலை சரியில்லை என்று மற்ற கோயில்களுக்கும் சொல்லிவிடுவார்களாம். பதினோரு வருடமாகச் சேர்த்த பெயர், அண்ணே.

கொடுக்க மாட்டேன். பேட்டரியும், கரண்டு போனதும் லைனிலிருந்து கோயிலை முழுசாகப் பிரித்துவிடும் சுவிட்சும் போட்டால் அவர்கள் கேட்பது முறையாகவே கிடைக்கும். அதைச் சொல்லிப் பார்ப்பேன். கேட்காவிட்டால் இறக்கட்டும்.

உங்களிடம் யோசனை கேட்டு எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. அதை மறந்துவிட்டு நான் ஒரு பலகைகூடப் போட்டதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உங்கள் தங்கை,
எல்ஸி

---

சுங்கை சிப்புட்,
30 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் வரும் வரும் என்று தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடைசியில் நேற்று நீங்களே வந்து நின்றீர்கள். வேலைச் சட்டையோடு, பூட்ஸ் காலோடு, கோயிலுக்குள்! அம்மா இருந்திருந்தால் அந்தப் பூட்ஸுக்காகவே நாலு சாத்து சாத்தியிருப்பார்.

"குடுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்த வேளையில் பின்வரிசையிலிருந்து நீங்கள் நடந்து வந்து மைக்கை வாங்கினீர்கள். சொந்த மகள் கல்யாணத்தில் நன்றி சொல்லக்கூட மைக்கைத் தொடாத மனிதர்.

நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். கிறிஸ்டினின் பிள்ளை பிறந்து வளர்ந்ததும் வாசிக்கட்டும்.

"பதினஞ்சாந் தேதி அந்தா, அந்தக் கம்பத்துல இருந்தது நான்தான். என் தங்கச்சி போட்ட பெட்டி வேல செய்யலன்னு சொல்றீங்க. அது ஒழுங்கா வேல செஞ்சதாலதான் இங்க நின்னு பேசுறேன்." அப்புறம் இடது கையைத் தூக்கிக் காட்டினீர்கள். "இது, வேல தெரியாதவன் விட்ட கரண்டு. பாஸ்வேர்டு வேணுமா? வாங்கிக்கோ கோலின். ஆனா அடுத்த தடவ கரண்டு போனா நீதான் மேல ஏறணும் லா."

அவ்வளவுதான். மைக்கை மேசையில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் மோட்டாரில் ஏறிப் போய்விட்டீர்கள். நான் வாசலுக்கு ஓடி வருவதற்குள் செம்பனை வளைவு தாண்டிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பாஸ்வேர்டு கேட்ட ஆள் தேநீருக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டான். கோலின் அண்ணன் எழுந்தார். மைக்கை எடுக்கவில்லை, அதுவே அதிசயம். "எல்ஸி, அந்த நாலாம் பக்கத்த எனக்கு ஒருக்கா படிச்சுக் காட்டும்மா," என்றார். எல்லார் முன்னாலும் வாசித்தேன். திருவிழா அன்று நின்று பல்லைக் காட்டியது என் தப்பு என்பதையும் சொன்னேன். பேட்டரியும் சுவிட்சும் போடுவதென்று ஒருமனதாக முடிவாகிவிட்டது. மறுபடி கை தட்டினார்கள். இந்தத் தடவை அழுதுவிட்டேன், புனிதாதான் பிடித்து உட்கார வைத்தாள்.

கூரை மேல் ஏறி நிற்கும்போது வருகிற பெருமை எனக்கு நேற்றுத் தரையில் நின்றே கிடைத்தது. வரிசையாக ஆட்கள் வந்து, "ஆம்புரோஸ் உன் அண்ணனா?" என்று கேட்டார்கள். ஆமாம், என் அண்ணன்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. நான் பார்த்த அந்த ஹெல்மெட் நீங்கள்தான். கூப்பிடு தூரம். ஏன் அண்ணே சொல்லவில்லை?

உங்கள் தங்கை,
எல்ஸி

---

தாப்பா,
6 ஜூலை 2025

என் அன்புத் தங்கை எல்ஸிக்கு,

பூட்ஸுக்காக உன் அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. நீ வேறு ஆரம்பிக்காதே.

ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம். பதினைந்தாம் தேதி எனக்கு விடுமுறை. வீட்டில் இருந்தால் உன் அண்ணி திருவிழாவுக்கு இழுத்து வந்துவிடுவாள், உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று கூட வேலை பார்க்கும் தனேஷின் ஞாயிறு வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆண்டவர் பார், அதே கோயில் வாசலில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.

ஏறும் முன் வேலியோரம் இருந்த மீட்டரைப் பார்த்தேன். எச்சரிக்கை அட்டை மலாய் மொழியில் அச்சடித்து ஒட்டியிருந்தது. அதன் கீழே தமிழில், பேனாவால்: "இங்கே இரண்டு பக்கமிருந்தும் கரண்டு வரும். கம்பத்தில் ஏறுகிற அண்ணன்மார் கவனம்." உன் கோணல் எழுத்து. கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தேன்.

மேலே போனால் கூரை முழுக்க வெயில் பளபளக்கிறது. முப்பத்திரண்டையும் எண்ணினேன். டெஸ்டர் வைத்தேன், ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவையும் வைத்தேன். அத்தனை வெயிலிலும் உன் பெட்டி வாயே திறக்கவில்லை. அப்புறம் எர்த் போட்டேன், கிளையை எடுத்தேன், கம்பியைக் கட்டினேன்.

எர்த் என்றதும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கம்பியை மண்ணோடு இணைத்துவிட்டால், திருட்டுத்தனமாக வருகிற கரண்டு கைக்கு வராமல் மண்ணுக்குப் போய்விடும். இருபத்தேழு வருடத்துக்கு முன் அந்த ரொட்டிக் கடை வாசலில் நான் அதைப் போடவில்லை. பசி. ஐந்து நிமிட வேலைதானே என்ற அவசரம். போட்டிருந்தால் விரல் இருந்திருக்கும். கடைக்காரரைத் திட்டியே காலத்தை ஓட்டிவிட்டேன், அப்புறம் உன்னைத் திட்டினேன். இதை உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை.

உன் பெட்டிக்கு அந்த அவசரம் கிடையாது. லைனில் கரண்டு திரும்பிய பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துத்தான் ஓடத் தொடங்கியது. கீழே நின்று மீட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். என்னைவிட ஒழுங்கான வேலையாள். அதைப் போட்டவள் என் தங்கை என்று பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம் சொன்னேன். அவன் கேட்கவேயில்லை, நானாகத்தான் சொன்னேன்.

கிறிஸ்டின் கல்யாணத்தில் பேசியதற்கு என்னை மன்னித்துவிடு. எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தையை எல்லார் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பாழாய்ப்போன மைக்.

போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று உன் அண்ணி காட்டினாள். ஆனாலும் கடிதம் எழுது, நன்றாக எழுதுகிறாய்.

சனிக்கிழமை தாப்பாவுக்கு வா. என் வீட்டுக் கூரையில் எத்தனை பலகை கொள்ளும் என்று அளந்து பார். மீட்டர் அட்டையில் தமிழில் நீயேதான் எழுத வேண்டும்.

ஏணியை நான் பிடிக்கிறேன். நீ இறங்கி மண்ணில் கால் வைக்கும் வரைக்கும் விட மாட்டேன்.

உன் அண்ணன்,
ஆம்புரோஸ்