மருதாணி வைத்துப் போரில் நின்றவனுக்கு

என் உயிர் மச்சான் ஜபருல்லா,

உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை, முத்துப்பேட்டையில் உன் வீட்டு ஹாலிலேயே, உன் சொந்தக்காரர்கள் முப்பது பேர் முன்னால், நெய்ச்சோறும் தால்சாவும் சாப்பிட்ட கையோடு உடைத்தேன். கொஞ்சமும் வருத்தமில்லை. கோபம் வந்தால் அங்கிருந்தே திட்டிக்கொள். ஐம்பது வருஷத்துக்கு மேல் உன் திட்டைக் கேட்ட காதுதானே, தாங்கும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷப் பாத்திஹாவுக்கு வரச் சொல்லி மும்தாஜ் போன் செய்தாள். உன் மகள் குரலில் அழுகை இல்லை, கடுப்பு இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கணும். வாப்பா நெசமாவே சண்டையில இருந்தாங்களா, இல்லையா?"

"ஏம்மா இப்படிக் கேக்குறே?"

"ஏர்போர்ஸ் கேண்டீன்ல சாமான் எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்கன்னு ஹாஜா பெரிய வாப்பா சொல்றாங்க. ஊரே அப்படித்தான் நெனைக்குது. வாப்பாகிட்ட கேட்டப்பல்லாம் 'பூட்ஸ் போட்டுக்கிட்டு நின்னேன்'னு மட்டும்தான் சொன்னாங்க. நான் என்ன பதில் சொல்றது மாமா?"

எனக்குச் சுருக்கென்றது. நீ அவளிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகளிடம் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கியது என்ன நியாயம்? நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் சம்பா நடவு. மெஷின் திரும்ப முடியாத வயல் மூலைகளில் பெண்கள் முழங்கால் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

துஆ ஓதி, சாப்பாடு முடிந்து, ஆண்கள் எல்லோரும் ஹாலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். உன் பெரிய வாப்பா மகன் ஹாஜா அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாய் மட்டும் இன்னும் வாலிபம். அவரே ஆரம்பித்தார்.

"என்ன ராசேந்திரா, நீயும் எங்க தம்பியும் ஒரே கேண்டீன்லதானே இருந்தீங்க? சண்டை நடந்தப்ப பிஸ்கட்டெல்லாம் பத்திரமா இருந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். உள்வாசல் நிலையைப் பிடித்தபடி மும்தாஜ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தியம் உடைந்தது அந்த இடத்தில்தான் மச்சான்.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நான் எப்படிச் சொன்னேன் என்று நீ கேட்க வேண்டாமா?

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை, பஞ்சாபில் எல்லைக்குப் பக்கத்து விமானத்தளம் என்று தொடங்கினேன். நாம் விமானம் ஓட்டியவர்கள் இல்லை என்பதை முதலிலேயே சொன்னேன். ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன் எஞ்சினைச் சரிபார்த்து, எரிபொருள் நிரப்பி, கடைசியில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை இழுத்துவிடுகிறவர்கள் நாம். நாம் விட்டால்தான் விமானம் நகரும்.

மண்ணைத் தோண்டிய குழி, மேலே ஒரு தார்ப்பாய். அதுதான் வீடு. கொஞ்ச தூரத்தில் கால்வாய், இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிற பூமி. எந்த நேரமும் பத்து நிமிஷத்தில் விமானத்தைக் கிளப்பியாக வேண்டும் என்பதால் உடுப்போடும் பூட்ஸோடும்தான் படுக்கை. குளியல் எப்போது என்று கேட்கவே கூடாது. சாப்பாடு வாளியில் வரும், பூரியும் உருளைக்கிழங்கும். மூன்று வாரம் சோறு கண்ணில் படவில்லை. தூக்கத்தில் நீ உன் உம்மாவிடம் மீன் ஆணம் கேட்டுப் பிதற்றியதைச் சொன்னேன். பொழுது சாய்ந்தால் பீடி பற்றவைக்கக் கூடத் தடை. இறங்கி வந்த விமானத்தின் வால்பக்கச் சூட்டில் காலுறை காயவைத்ததைச் சொன்னபோது ஹால் அதிரச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு கால்களுக்கு வந்தேன்.

பத்தாம் நாள் விரலிடுக்குகள் வெளுத்தன. அப்புறம் பிளந்து நீர் வடிந்தது. டாக்டரிடம் இருந்த பவுடர் தீர்ந்துபோனது. நம் பிரிவில் பதினான்கு பேர், அதில் ஆறு பேர் நொண்டி. எல்லாவற்றிலும் மோசம் உன் கால். பூட்ஸைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது. நீ மறைத்துப் பார்த்தாய். டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பூட்ஸ் போட்டு நடக்க முடியாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டியேற வேண்டும் என்று உத்தரவு. நடுவில் ஐந்தே நாள்.

அன்று நீ என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். "மாப்ளே, குண்டடி பட்டு ஊருக்குப் போனாக்கூடப் பரவாயில்ல. கால்புண்ணுன்னு திருப்பி அனுப்பிட்டா நான் எப்படித் தலைநிமிந்து நடப்பேன்?"

உன் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது எங்கள் ஊரில் நடவுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் வருகிற சேற்றுப்புண்! கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, வாழ்நாளில் வயலில் இறங்காதவன், பஞ்சாபுக்கு வந்து சேற்றுப்புண் வாங்கினாயே. நடவுக் காலத்தில் எங்கள் அம்மாவும் அத்தைகளும் மருதாணியையும் மஞ்சளையும் குழைத்துப் பாதம் முழுக்க அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் அதே காலோடு வயலில் இறங்குவார்கள்.

நம் பிரிவுக்குப் பொறுப்பான சார்ஜென்டிடம் போய் இந்த வைத்தியத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். மத்தியானத்தில் நாலு மணி நேரம் வெறுங்கால், மற்றவர்கள் விமானத்தருகே நிற்க வேண்டும், சைரன் அடித்தால் இருக்கிற காலோடு ஓட வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். உன் பெயரை வைத்து உனக்கு உருது தெரியும் என்று அவராகவே முடிவு கட்டி, உன்னையும் என்னையும் ரேஷன் லாரியில் கடைத்தெருவுக்கு அனுப்பினார். உனக்குத் தெரிந்த உருதுவும் எனக்குத் தெரிந்த உருதுவும் ஒரே அளவுதான், பூஜ்யம். கடைக்காரர் ஏதோ கேட்கக் கேட்க நீ தலையாட்டினாய். கடைசியில் ஒரு மூட்டை மருதாணிப் பொடியைத் தூக்கிக் கொடுத்து, உன்னைக் கட்டிப்பிடித்து, வாயில் ஒரு லட்டையும் திணித்தார். உனக்கு மறுநாள் கல்யாணம் என்று நீயே ஒப்புக்கொண்டிருந்தாய்!

குழிக்குள் ஊறிய தண்ணீருக்கு நான் ஒரு வடிகால் வெட்டினேன். அந்த வேலை என் கைக்குத் தானாக வரும். தரை கொஞ்சம் காய்ந்தது. பொடியைக் குழைத்து அப்பிவிட்டேன், ஆறு பேரும் பாதத்தை நீட்டி வரிசையாக உட்கார்ந்தீர்கள். மூன்றாம் நாள் சைரன் அடித்தது. சாந்து அப்பிய காலோடு ஓடி, பதுங்குகுழியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தோம். ஓய்ந்தபின் ஏறிப் பார்த்தால் சார்ஜென்டின் சட்டை முதுகில் ஒரு பாதம் அச்சாகப் பதிந்திருந்தது. யாருடையது என்று அன்று நாம் காட்டிக்கொடுக்கவில்லை. அதையும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். பன்னிரண்டு பாதங்கள் செக்கச்செவேலென்று அவர் முன்னால் நின்றன. "மாப்பிள்ளைக் கூட்டம் சார்" என்று சார்ஜென்ட் அறிமுகப்படுத்தினார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து விரலிடுக்குகளை அமுக்கிப் பார்த்தார். முழுக்க ஆறவில்லை, ஆனால் காய்ந்திருந்தது. "போட்டு நட" என்றார்.

முதல் ஆளாக நீ எழுந்தாய். பூட்ஸ் கயிற்றை இறுக்கினாய். குழியிலிருந்து விமானம் வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தேன். நீ நொண்டவில்லை. வலித்ததா? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை, நீ சொன்னதுமில்லை. குனிந்து சக்கரக் கட்டையை இழுத்தாய், நிமிர்ந்து கட்டைவிரலை உயர்த்தினாய். விமானம் போனது. உன் பின்னால் நடந்த ஐந்து பேரும் அவரவர் விமானத்தை அனுப்பினார்கள். அன்று நம் தளத்தில் ஆளில்லாமல் நின்ற விமானம் ஒன்றுகூட இல்லை. அவை திரும்பும்வரை நீ உட்காரவே இல்லை. நான் தண்ணீர் நீட்டியபோதும் வானத்தையே பார்த்தபடி குடித்தாய். அத்தனையும் திரும்பி வந்தன மச்சான், அத்தனையும்!

அன்று சாயங்காலம்தான் நீ என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். மருதாணி வைத்த கதை ஊருக்குத் தெரியக் கூடாது, பொம்பளை என்று சிரிப்பார்கள் என்றாய்.

நான் சொல்லி முடித்தபோது ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. ஹாஜா அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆறு பேருமா நடந்தாங்க?"

"ஆறு பேரும்ண்ணே. மொதல்ல நடந்தது உங்க தம்பி."

"எங்கிட்ட ஏன்டா அவன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துட்டான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பார்த்தாயா? தலைக்கு மேல் எதிரி விமானம் வந்தபோது பதறாத நீ, இந்தக் கிழவரின் சிரிப்புக்குப் பயந்து ஒரு ஆயுள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தாயே. எனக்கு உன்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

அப்போது மும்தாஜ் நிலைவாசலைத் தாண்டி, ஆண்கள் நடுவில் நேராக வந்து நின்றாள்.

"பெரிய வாப்பா, இனிமே யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"என் தம்பி சண்டையில நின்னான்னு சொல்லுவேம்மா."

"சத்தமாச் சொல்லுங்க."

எண்பது வயசு மனிதர், நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். "என் தம்பி ஜபருல்லா சண்டையில நின்னான்!" தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். உன் மகள் அவர்களையும் உள்ளே கூப்பிட்டு, "எங்க வாப்பாவைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம், வந்து கேளுங்க" என்றாள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. இருக்கிற நாள் வரைக்கும் உன் பெயரைச் சொல்லும்போது மும்தாஜ் தலைகுனிய விடமாட்டேன். அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் மகளுக்கு மாமனும் உனக்கு மச்சானுமான
ராசேந்திரன்