கடைப்படியில் ஊற்றிய தண்ணீர்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. குடையை வேலையிடத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

மார்கரெட் ஒரு திருடி.

நான் வளர்ந்த ஊரைப் பற்றி அவள் எழுதிய வரலாறு அச்சுக்குப் போகிறது. அந்த ஊர்ப் பள்ளியில் என்னோடு படித்த எமிலி இரண்டு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் நின்றபடியே வாசித்தேன்.

முதல் பக்கம், ஊர்க் கடை. பழைய வெள்ளைக்கார முதலாளிகள் ஒவ்வொருவருக்கும் பெயர், படம், நாயின் பெயர்கூட. கடைசியில்: ‘அதன்பின் கடை பல கைகள் மாறியது.’

பல கைகள் என்றால் அப்பாவும் அம்மாவும். நோர்போக்கில், பீட்ரூட் வயல்களுக்கு நடுவே இருந்த அந்த ஒரே கடையை, நான் பிறந்தது முதல் பதினாறு வயது வரை நடத்தியவர்கள். பிறகுதான் நகரத்துக்கு, இந்த மனோர் பார்க்குக்கு வந்தோம்.

இரண்டாம் பக்கம், ‘எங்கள் ஊரின் பழைய வழக்கம்’. பிரேத கார் தேவாலயத்துக்குப் போனதும் வாசல்படியில் மஞ்சள் நிறத் தண்ணீர் ஊற்றுவது. கொள்ளைநோய்க் காலத்திலிருந்து வந்திருக்கலாமாம்.

கொள்ளைநோய் இல்லை. என் அம்மா. சிவப்பு பிளாஸ்டிக் வாளி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள்.

அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. அப்பா செத்து முப்பத்தொன்றாம் நாள் காரியம் ஞாயிறு.

நவம்பர் 5, புதன்

குளிர். மாநகரசபை வாடகை வீடுகளுக்கான போன் மையத்தில் ஷிப்ட், எட்டிலிருந்து நாலு. வீட்டுச் சுவரில் பூஞ்சணம் என்று போன் பண்ணுபவர்களிடம் ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இன்று ஒரு பெண். பிள்ளைக்கு இருமல், போனிலேயே கேட்டது. சொன்னேன். இந்த நாட்டில் தப்பு எப்போதும் ஜன்னலைத் திறக்காதவனுடையது.

ஒன்றும் தோன்றவில்லை. மதியம் சான்ட்விச் சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை.

பின்னேரம் அம்மாவிடம் போனை நீட்டினேன். வெளியே நவம்பர் ஐந்துக்கான வாண வெடி. டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, நான் மொழிபெயர்த்ததைக் கேட்டார். பிறகு சிரித்தார். அப்பா போனபின் முதல் சிரிப்பு.

“கொள்ளைநோயோ? நல்லாயிருக்கு.”

“அம்மா, இது உங்கடை வழக்கம். களவெடுத்திருக்கினம்.”

“தண்ணியை ஆர் பிள்ளை களவெடுக்கிறது? விடு.”

“நான் மார்கரெட்டுக்கு போன் பண்ணப்போறன்.”

சிரிப்பு போய்விட்டது. “உனக்கென்ன விசரே? அந்த மனுசிக்கு ஒண்டும் சொல்லாதை.”

ஏன் என்று கேட்டேன். வெங்காயம் உரிக்க எழும்பிப் போய்விட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. வாங்க வேண்டியது: வாழைக்காய், பூசணி, கற்பூரம், பேப்பர் தட்டு, இஞ்சி பிஸ்கட். பிஸ்கட் படையலுக்கு. கடையில் அப்பா தேத்தண்ணியோடு தின்ற அதே பக்கட்தான் வேண்டுமாம். இரண்டு கடை ஏறினேன்.

பூசணி வெட்டும்போது அம்மா தானாகவே சொன்னார்.

கடை எடுத்த புதிதில், மார்கரெட்டின் புருசனின் பிரேதத்தைக் கொண்டுபோனார்கள். கார் எங்கள் வாசலைத் தாண்டியதும் அம்மா வாளியைத் தூக்கிப் படியில் ஊற்றினார். யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சாவின் துடக்கு, அந்தத் தீட்டு, எங்கள் வாசலில் ஒட்டக்கூடாது என்பதற்காக. பின்னால் வந்த காரிலிருந்து மார்கரெட் பார்த்துவிட்டாள். பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, ஏன் ஊற்றினாய் என்று கேட்டாள்.

“எனக்குத் துடக்குக்கு என்ன இங்கிலீசு? தெரிஞ்சாலும் அந்த மனுசியின்ரை முகத்துக்கு நேரை சொல்ல ஏலுமே? ‘ரெஸ்பெக்ட்’ எண்டன். மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டுது.”

அதன்பிறகு ஊரில் யார் செத்தாலும் மார்கரெட்டும் ஊற்றினாள். எங்கள் கடையில் மஞ்சள்தூள் என்று நினைத்துக் கறித்தூள் வாங்கிக்கொண்டு போய்க் கரைத்து ஊற்றினாள். அவள் வாசல் குழம்பு மணத்தது. அவளைப் பார்த்து மற்ற வீடுகளும். அப்பா ஒருநாள் கடைக்குள் நின்று, “இஞ்சை பார், ஊரையே சமைச்சுப் போட்டாய்” என்றாராம்.

சித்தி, அம்மாவின் தங்கை, வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். “அப்ப அக்கா, அத்தானைக் கொண்டுபோகேக்கை நீ ஏன் ஊத்தேல்லை? நான்தானே முன்னுக்குக் கழுவினனான்.”

அம்மா பூசணி விதையை வழித்துப் போட்டார். பிறகு: “அவரை என்னெண்டு கழுவிவிடுறது?”

என்னிடம்: “பேரைப் போடச் சொல்லிக் கேக்கிறதெண்டாக் கேள். தண்ணி ஏனெண்டு மட்டும் சொல்லாதை. அவவின்ரை புருசனுக்கு நாங்கள் மரியாதை செய்தம் எண்டே இருக்கட்டும்.”

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். கோயில் மண்டபம். ஐயர் அப்பாவின் பெயர் கேட்டார், சித்தி நட்சத்திரத்தோடு சொன்னார். சண்முகநாதன். படையலில் இஞ்சி பிஸ்கட் பக்கட், மேல் பக்கம் வெட்டித் திறந்து.

சனம் வந்தது, சாப்பிட்டது. பிளேஸ்டோவிலிருந்து வந்த மாமா ஒருவர் கார் பார்க்கிங் பற்றியே பேசினார். “வடிவாச் செய்திருக்கிறியள், தங்கச்சி.” யாரோ சொன்னதற்கு ஓம் என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம். அழுகை வரவில்லை. தட்டு பொறுக்கினேன்.

இன்று போர் நினைவு ஞாயிறும். அந்த ஊரில் இதே நாளில் அப்பா கடையைப் பூட்டி, சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொண்டு தேவாலயச் சுவரோரம் நிற்பார். பின்வரிசையில். நான் அவர் கோட்டுப் பைக்குள் கையை வைத்திருப்பேன். மார்கரெட்தான் நினைவுக்கல்லின் முன் நின்று போரில் செத்த பையன்களின் பெயர்களை வாசிப்பாள். கண்ணால் காணாத பையன்கள். நடுப்பெயரோடு, ஒரு எழுத்துப் பிசகாமல்.

எமிலிக்குச் செய்தி: இன்றும் அவள்தான் வாசித்தாளா? பதில்: ஆம், வழக்கம்போல.

அந்த ஊரிலிருந்து அப்பாவுக்கு ஒரு பூ வரவில்லை. எமிலி ஊரின் இணையப் பக்கத்தில் சாவுச் செய்தி போட்டிருந்தாள். ‘பாவம் சாம்’ என்று இரண்டு பேர் எழுதினார்கள். சண்முகநாதன் அவர்கள் வாய்க்குள் நுழையாததால் முதல் வாரமே சாம் ஆனவர்.

நவம்பர் 10, திங்கள்

மேகம். மதிய இடைவேளையில் வேலையிடத்துப் படிக்கட்டில் நின்று மார்கரெட்டுக்கு போன் பண்ணினேன்.

“சாமின் மகளா! கேள்விப்பட்டோம், கண்ணே. எவ்வளவு நல்ல மனிதர். என்ன வேலையென்றாலும் சிரிப்புத்தான்.”

சிரிப்புத்தான். சரி.

புத்தகத்தில் கடைப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இல்லை என்றேன்.

“இடம் போதவில்லை, கண்ணே. எல்லாரையும் போட முடியாதே.”

நாய்க்கு இடம் இருந்தது என்றேன். சிரித்தாள். நான் பகிடி விடவில்லை.

தண்ணீர் ஊற்றுவது என் அம்மா கொண்டுவந்தது என்றேன்.

“இல்லையில்லை, அது எப்போதும் இருந்தது. என் அம்மாவே செய்திருக்கிறார்.” பிறகு: “என் கணவர் போன அன்று ஊரே ஊற்றியது. அதை நான் மறக்கவே மாட்டேன்.”

ஊரே. ஒரே ஒரு வாளி. அவள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறாள். துடக்கு என்ற சொல் வாய்வரை வந்தது. ஒரே வசனத்தில் அவளை உடைத்திருக்கலாம். அம்மா பூசணி வெட்டிய கை கண்ணுக்குள் நின்றது. விழுங்கினேன்.

“தண்ணீரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயரைப் போடுங்கள்.”

“போடலாம், போடலாம். சாம் என்று ஒரு வரி...”

“அவர் பெயர் சாம் இல்லை. மாதாமாதம் கடையிலிருந்து உங்கள் கதவுக்குள் வந்த பத்திரிகை பில்லில் முழுப்பெயர் இருந்தது. நேற்று அத்தனை பெயரையும் வாசித்தீர்கள்தானே. இதையும் சொல்லுங்கள்.”

அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கும் சத்தம். டக்கென்று நின்றது.

“சொல்லுங்கள், மார்கரெட்.”